மரநிழலும் மன்னர் ஆணையும்

கோடை வெயில் ஏறும்போது நிழலை நாடுவது மனித இயல்பு. நிழலோடு குளிர்ந்த பானமும், கண்ணுக்கு இனிய காட்சியும், பேசியிருக்க நாலு பேரும் வாய்த்தால் அதற்குமேல் வேண்டுவது அதிகமில்லை. ஆனால், அந்த நிழல் யாருக்கு உரியது? பணப்பை கனத்தவனுக்கு மட்டுந்தானா? வீட்டிலிருந்து உணவுப் பொதியைக் கட்டிக்கொண்டு வருகின்ற தொழிலாளிக்கும் அங்கே இடமுண்டா? தென் ஜேர்மனியிலே, பவேரியாவின் தலைநகராகிய மியூனிச்சில், இந்த வினாவுக்கு வரலாறு ஒரு விந்தையான விடையைத் தந்தது. உரிமை கொடுக்க வேண்டும் என்று எண்ணி எவரும் அந்த விடையை எழுதவில்லை. தடை விதிக்கப் புகுந்த ஓர் ஆணையே, காலப்போக்கில் மக்களின் உரிமையாக மாறிவிட்டது.

மியூனிச் நகரின் பியர்த் தோட்டங்கள் உலகறிந்தவை. பெயர் தோட்டம் என்றாலும் அங்கே பூப்பாத்திகளைக் காண்பது அரிது. பரந்த கிளைகளையுடைய செஸ்நட் மரங்கள் வரிசையாய் நிற்கும். தரையிலே பருக்கைக்கல் பரப்பியிருக்கும். மரங்களின் கீழ் நீண்ட மேசைகளும் சாய்வு இல்லாத வாங்குகளும் கிடக்கும். முன்பின் அறியாதவர்கள் ஒரே வாங்கில் நெருங்கி அமர்வார்கள். ஒரு லீற்றர் கொள்ளும் கனத்த கண்ணாடிக் குவளையிலே பியர் வரும். விரிப்பு இல்லாத மேசைகளில் அமர்வோர் தத்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாணையும் பாற்கட்டியையும் முள்ளங்கியையும் விரித்து வைத்து உண்ணலாம். பானத்தை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். உணவுக்கடைக்காரர் ஒருவர் தம்முடைய இடத்திலே பிறர் வீட்டு உணவை உண்ண அனுமதிப்பது எங்கும் காணக்கூடிய வழக்கமன்று. அவ்வழக்கம் எப்படி வந்தது என்பதை அறிய, ஐந்து நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பவேரியக் கோமகர்களாகிய நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லூட்விக்கும் இங்கோல்ஸ்டாட் நகரிலே ஒரு சட்டத்தைப் பிறப்பித்தனர். வாற்கோதுமை, ஹொப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றையும் தவிர வேறொன்றையும் பியரிலே சேர்க்கலாகாது என்பது அச்சட்டத்தின் புகழ்பெற்ற பகுதி. ஆனால், அச்சட்டம் விலையையும் வரையறுத்தது என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. செப்டெம்பர் 29ஆம் நாளாகிய புனித மிக்கேல் திருநாள் முதல், ஏப்ரல் 23ஆம் நாளாகிய புனித ஜோர்ஜ் திருநாள் வரை ஒரு விலை. எஞ்சிய கோடைக்காலத்துக்கு அதனினும் கூடிய மற்றொரு விலை. குளிர்காலப் பியரும் கோடைக்காலப் பியரும் வெவ்வேறு பொருள்கள் போலக் கருதப்பட்டன என்பதற்கு இதுவே சான்று.

அவ்வாறு கருதியதற்குக் காரணம் இருந்தது. பவேரியர் விரும்பிய பியரை நொதிக்கச் செய்யும் மதுவம், பாத்திரத்தின் அடியிலே தங்கி மெல்ல வேலை செய்யும் வகையைச் சேர்ந்தது. அது செவ்வனே தொழிற்படுவதற்குச் செல்சியஸ் 10 பாகைக்கும் குறைந்த குளிர் வேண்டும். கோடையிலே காய்ச்சிய பியர் எளிதிற் புளித்துக் கெட்டுப்போயிற்று. அன்றியும், பியர் காய்ச்சுவதற்குப் பெருநெருப்பு மூட்ட வேண்டும். மரவீடுகள் நெருங்கிய நகரத்திலே, வறண்ட கோடை நாட்களில், ஓர் அடுப்புப் பொறி தெருவையே எரித்துவிடக்கூடும். ஆகவே, 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மற்றொரு விதி பிறந்தது. புனித மிக்கேல் திருநாளுக்கும் புனித ஜோர்ஜ் திருநாளுக்கும் இடைப்பட்ட குளிர்காலத்திலே மட்டும் பியர் காய்ச்சலாம். கோடையிலே காய்ச்சலாகாது என்பதே அந்த விதி. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அது நிலைத்திருந்தது.

காய்ச்சுவதைச் சட்டம் தடுக்கலாம். தாகத்தைத் தடுக்க முடியுமா? தாகம் மிகுந்த மாதங்களிலேயே பியர் காய்ச்ச இயலாமற்போயிற்று. எனவே, ஆலைக்காரர் மார்ச் மாதத்திலே சற்று வலிமை கூடிய பியரைப் பெருமளவில் காய்ச்சி, இலையுதிர்காலம் வரை கெடாது காக்க முற்பட்டனர். மார்ச் பியர் என்ற பெயர் இன்றளவும் வழங்குவது அதனாலேதான். ஆனால், ஐந்து மாத காலம் அதனை எங்கே வைத்துக் காப்பது? ஆழ்ந்த நிலவறைகள் வேண்டும். மியூனிச் நகரின் தாழ்ந்த பகுதியிலோ சிறிது தோண்டினாலே நிலத்தடி நீர் ஊறிவிடும். இந்த இடர்ப்பாடே பியர் ஆலைக்காரரை நகருக்கு வெளியே, மேட்டு நிலத்துக்கு அனுப்பியது.

மியூனிச் நகரை ஊடறுத்து ஓடுவது ஈசார் ஆறு. அதன் கிழக்குக் கரை உயர்ந்த மேடாக எழுந்து நிற்கிறது. காஸ்டைக், நொக்கர்பெர்க், கீசிங் முதலிய பெயர்கள் அம்மேட்டோடு இணைந்தவை. அங்கே நீர் ஊறும் அச்சமின்றி ஆழத் தோண்டலாம். ஆலைக்காரர் மேட்டின் உட்புறத்தைக் குடைந்து செங்கல் வளைவுகளால் நிலவறைகள் அமைத்தனர். குளிர்காலத்திலே குளங்களும் கால்வாய்களும் உறைந்தபோது பனிக்கட்டியைப் பாளம் பாளமாக வெட்டி வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்து அவ்வறைகளில் அடுக்கினர். அது கோடையிலும் முற்றாக உருகாமல் நின்று பியரைக் குளிர்வித்தது.

உள்ளே பனிக்கட்டி குளிர்விக்க, வெளியே வெயில் தாக்காதிருக்கவும் ஒரு வழி தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் தேர்ந்தது செஸ்நட் மரம். அதன் தாயகம் பால்கன் மலைநாடு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அது கொன்ஸ்தாந்திநோப்பிள் வழியாக வியன்னாவை அடைந்து, அங்கிருந்து மேற்கு ஐரோப்பாவெங்கும் பரவியது. விரித்த கைபோன்ற அதன் அகன்ற இலைகள் வெயிலை நன்றாக மறைக்கும். அதன் வேர்களோ ஆழமாக இறங்காமல் பக்கவாட்டிலே படரும். ஆதலால் நிலவறையின் வளைவுகளைப் பிளக்கா. மரங்களின் கீழ் வெளிறிய பருக்கைக்கல்லையும் பரப்பி, நிலம் சூடேறாமற் காத்தனர். இவ்வாறு, மனிதர் அமர்வதற்கென்று அன்றி, பீப்பாய்கள் குளிர்ந்திருப்பதற்கென்றே அந்தச் சோலைகள் தோன்றின.

சோலை தோன்றியபின் மனிதர் வராதிருப்பரோ? நெருக்கமான தெருக்களிலே வெக்கையில் வாடிய நகரத்து மக்கள் ஞாயிறு மாலைகளில் மேட்டின்மீது நடந்து வரலாயினர். மேலேயிருந்து நோக்கினால் கீழே ஆறு ஒளிரும். அப்பால் கூரைகளுக்கு மேலே அன்னை மரியாள் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் எழுந்து நிற்கும். மலைக்காற்று வீசித் தெளிந்த நாட்களிலே தெற்கே அல்ப்ஸ் மலைத்தொடரும் தோன்றும். நிலவறையிலிருந்து அப்போதே எடுத்த பியர், நகரத்துச் சத்திரத்திலே கிடைக்கும் பியரைவிடக் குளிர்ந்தது, புதியது. ஆலைக்காரர் மரத்தடியிலே சில வாங்குகளைப் போட்டனர். சில ஆண்டுகளில் அதுவே பெருங்கூட்டமாயிற்று. உணவும் விற்கத் தொடங்கினர்.

இதனைக் கண்டு மனம் கலங்கியோர் நகரத்துச் சத்திரக்காரர். பியரையும் உணவையும் விற்று வாழ்ந்த அவர்களுடைய மேசைகள் கோடையிலே வெறுமையாயின. பியரைக் காய்ச்சித் தங்களுக்கு விற்கின்ற ஆலைக்காரரே, தங்கள் வாடிக்கையாளரையும் கவர்ந்து கொள்வது நியாயமா என்று அவர்கள் கேட்டனர். அவர்களுடைய முறையீடு அற்பமானதன்று. பல குடும்பங்களின் பிழைப்பு அதிலே தங்கியிருந்தது. மறுபுறம், வெயிலில் வாடிய மக்களை மேட்டிலிருந்து விரட்டுவதும் எளிதன்று. வழக்கு மன்னர் முன் சென்றது.

அப்போது பவேரியாவை ஆண்டவர் முதலாம் மக்சிமிலியன் யோசேப். 1806ஆம் ஆண்டிலேதான் பவேரியா முடியரசாக உயர்ந்தது. அவரே அதன் முதல் மன்னர். 1812ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவருடைய ஆணை வெளிவந்தது. ஜூன், ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் ஆகிய நான்கு மாதங்களிலும் ஆலைக்காரர் தங்கள் நிலவறைகளிலே பியரைச் சில்லறையாக விற்கலாம். வருவோருக்குப் பியரும் பாணும் வழங்கலாம். ஆனால், வேறெந்த உணவையும் வேறெந்தப் பானத்தையும் விற்கலாகாது. இதுவே அவ்வாணையின் சாரம். ஆலைக்காரருக்குப் பியரை விட்டு, சத்திரக்காரருக்குச் சோற்றைக் காத்த ஒரு சமரசத் தீர்ப்பு அது.

இந்தத் தீர்ப்பிலே மூன்றாவது கட்சியாகிய பொதுமக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், பெரும் பயன் பெற்றவர்கள் அவர்களே. உணவு விற்கலாகாது என்றால், பசித்தவன் உணவைக் கொண்டுதானே வரவேண்டும்? மக்கள் கூடைகளிலே உணவை எடுத்து வந்து மேசையில் விரித்தனர். தடுப்பதற்கு ஆலைக்காரரிடம் நியாயம் எதுவுமில்லை. அவர்தாம் உணவு விற்க முடியாதவராயிற்றே. இதன் விளைவு யாது? குடும்பத்தோடு வெளியே சென்று ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பதற்கு ஒரு குவளைப் பியரின் விலையே போதுமானதாயிற்று. கொல்லரும் தச்சரும், எழுதுவினைஞரும் மாணவரும், சீமான்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். உணவு விற்கும் தடை பின்னாளிலே தளர்ந்து மறைந்தது. ஆனால், உணவைக் கொண்டுவரும் வழக்கத்தை மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தடை போயிற்று, உரிமை நின்றது.

எளியோரின் செலவிலே அந்தப் பானத்துக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதை 1844ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்திலே பியர் விலை உயர்த்தப்பட்டபோது, மியூனிச் நகரத்து மக்கள் திரண்டெழுந்து பியர் ஆலைகளைத் தாக்கினர். கலகம் சில நாட்கள் நீடித்தது. மன்னர் முதலாம் லூட்விக் இறங்கிவந்து விலையைக் குறைக்க நேர்ந்தது. செல்வர்க்குச் சில்லறைக் காசாகத் தோன்றிய தொகை, நாட்கூலி பெறுவோனுக்கு நாளின் ஒரே ஆறுதலின் விலையாக இருந்தது.

ஆற்றங்கரை மேட்டோடு இத்தோட்டங்கள் நின்றுவிடவில்லை. 1789ஆம் ஆண்டிலே, அமெரிக்காவிற் பிறந்து பவேரிய அரசிலே பணியாற்றிய அறிவியலாளராகிய பெஞ்சமின் தொம்சன், ஆங்கிலத் தோட்டம் என்னும் பெரும் பூங்காவை அமைக்க வழிகோலினார். பிற்காலத்திலே ரம்ஃபர்ட் பிரபு எனப் புகழ்பெற்றவர் இவரே. அப்பூங்காவிலே எழுந்த 25 மீற்றர் உயரமுள்ள சீனக் கோபுரத்தைச் சுற்றி இன்று ஏறத்தாழ 7,000 பேர் அமரலாம். நகரின் மேற்கிலே, அரச குடும்பத்தார் வேட்டையாடுவதற்காக 1780ஆம் ஆண்டிலே வகுத்த மான் பூங்காவிலே ஏறத்தாழ 8,000 இருக்கைகள் உள்ளன. வேட்டைக்கு வளர்த்த மான்களின் வழிவந்தவை போல இன்றும் சில மான்கள் வேலிக்கப்பால் நின்று மக்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நகருக்கு வெளியே, அம்மர் ஏரியின் கிழக்குப் புறத்துக் குன்றிலே, 1455ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அண்டெக்ஸ் துறவிமடம் இருக்கிறது. யாத்திரிகர்கள் குன்றேறி வழிபட்டபின், துறவிகளின் ஆலையிலே காய்ச்சிய பியரை அருந்தி, பரந்த நாட்டுப்புறத்தை நோக்கி இளைப்பாறுவது நெடுங்கால வழக்கம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இத்தோட்டங்களின் பிறப்புக்குக் காரணமான தேவையே மறைந்தது. கோடைத் தடை அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நீங்கியது. பின்னர், மியூனிச் பொறியியற் கல்லூரியிலே பேராசிரியராக இருந்த கார்ல் லிண்டே என்பவர் குளிரூட்டும் இயந்திரம் ஒன்றை வகுத்தார். 1873ஆம் ஆண்டிலே அந்நகரின் ஸ்பாற்றன் பியர் ஆலையிலே அது பரீட்சிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அமோனியா வாயுவைக் கொண்டு இயங்கும் திருந்திய இயந்திரம் வந்தது. இனிப் பனிக்கட்டி வெட்ட வேண்டியதில்லை. மேட்டைக் குடைய வேண்டியதில்லை. மரநிழலும் பீப்பாய்க்குத் தேவையில்லை. கணக்கு மட்டும் பார்ப்பவர் அம்மரங்களை வெட்டி விற்றிருப்பார். ஆனால், அதற்குள் அந்த நிழலுக்கு வேறு சொந்தக்காரர் வந்துவிட்டனர். பீப்பாய்க்காக நட்ட மரம் மனிதருக்காக நின்றது.

ஆயினும், அந்த மேட்டின் வரலாறு முழுவதும் இனிமையானதன்று. நிலவறைகளுக்கு மேலே தோட்டங்களோடு பெரிய மண்டபங்களும் எழுந்தன. அவற்றிலொன்று காஸ்டைக் மேட்டுக்கு அருகே இருந்த பூர்கர்பிறோய் நிலவறை மண்டபம். 1923ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, ஹிட்லர் தம் ஆயுதக் குழுவோடு அதனுள் புகுந்து ஆட்சியைக் கைப்பற்ற முயன்றார். மறுநாளே அம்முயற்சி முறியடிக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டு அதே நாளில், கியோர்க் எல்சர் என்னும் தச்சுத் தொழிலாளி, அம்மண்டபத்துத் தூணிலே தாம் பல இரவுகள் குடைந்து மறைத்த வெடிகுண்டினால் ஹிட்லரைக் கொல்ல முயன்றார். ஹிட்லர் பதின்மூன்று நிமிடங்களுக்கு முன்பே வெளியேறிவிட்டார். எட்டுப் பேர் மாண்டனர். எல்சர் 1945ஆம் ஆண்டு ஏப்ரலிலே டாக்கௌ முகாமிலே கொல்லப்பட்டார். மக்கள் கூடும் இடம் எதுவாயினும், அங்கே எழும் பேச்சு எதுவென்பதே அதன் பெருமையையும் சிறுமையையும் தீர்மானிக்கிறது. மரநிழல் மட்டும் மனிதரை நல்லவராக்கிவிடாது.

போரிலே நகரின் பெரும்பகுதி அழிந்தது. 1944ஆம் ஆண்டு ஜூலையிலே குண்டுவீச்சினால் சீனக் கோபுரம் எரிந்து வீழ்ந்தது. 1952ஆம் ஆண்டிலே, பழைய வடிவம் மாறாமல் அது மீண்டும் எழுப்பப்பட்டது. வீடுகளே போதாதிருந்த காலத்திலும் அந்நகர மக்கள் தம் மரநிழலைக் கைவிடவில்லை.

அந்த நிழலின் உரிமை மீண்டும் வழக்குக்கு வந்தது 1995ஆம் ஆண்டிலே. நகரின் தெற்கே, ஈசார் ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கிய உயர்ந்த கரையிலே ஒரு பியர்த் தோட்டம் உண்டு. இரவு நெடுநேரம் எழும் பேச்சொலியாலும் இசையாலும், வந்து போகும் மோட்டார் வண்டிகளாலும் தங்கள் உறக்கம் கெடுவதாக அயலவர் சிலர் நீதிமன்றத்தை நாடினர். தோட்டத்தை இரவு ஒன்பதரை மணிக்கே மூடவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பவேரியாவிலே கோடை மாலை மிக நீண்டது. ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்குப் பின்னரே பொழுது சாயும். அந்த நேரத்திலே எழுந்து போ என்றால், பகலெல்லாம் உழைத்தவன் எப்போது வந்து அமர்வது? மே மாதம் 12ஆம் நாள் ஏறத்தாழ 20,000 பேர் மியூனிச் நகரின் நடுவே திரண்டு தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். பியர்த் தோட்டப் புரட்சி என்று அதனை நகைச்சுவையாக அழைத்தார்கள். ஆயினும், வந்தவர்களின் நோக்கம் நகைப்புக்கு உரியதாக இருக்கவில்லை.

பவேரிய அரசு விரைந்து ஓர் ஒழுங்குவிதியை இயற்றியது. ஆனால், 1999ஆம் ஆண்டு ஜனவரியிலே கூட்டாட்சி நிருவாக உயர் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்று தள்ளியது. அயலவரின் இரவு அமைதிக்கு அது போதிய காப்பளிக்கவில்லை என்பதே காரணம். கூட்டத்தின் பெருக்கம் ஒருவரின் உறக்கத்தைப் பறிக்கும் உரிமையாகாது என்பதை நீதிமன்றம் நினைவூட்டியது. அதன்பின் அவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் நாள் புதிய விதி பிறந்தது. இசை இரவு பத்து மணிக்கு ஓயவேண்டும். உணவும் பானமும் வழங்குவது பத்தரை மணிக்கு நிற்கவேண்டும். பதினொரு மணிக்குள் வந்தவர் யாவரும் கலைந்துவிடவேண்டும். மன்னர் ஆணையைப் போலவே இதுவும் இரு தரப்பாருக்கும் பாதி கொடுத்துப் பாதி மறுத்தது.

இந்த விதியிலே ஊன்றி நோக்கத்தக்க இரண்டு உண்டு. பியர்த் தோட்டம் என்பது யாது என்று அது வரையறுக்கிறது. தோட்டத்தின் தன்மை இருத்தல் வேண்டும். வருவோர் தாம் கொண்டுவந்த உணவை அங்கேயே உண்ணும் மரபு இருத்தல் வேண்டும். 1812ஆம் ஆண்டிலே சத்திரக்காரரைக் காப்பதற்காக எழுந்த தடையின் நிழல், 187 ஆண்டுகள் கழிந்தபின் சட்டத்தின் வரைவிலக்கணமாகவே ஆகிவிட்டது. இரண்டாவது, விதி தரும் காரணம். சமூக வேற்றுமைகளைக் கடந்து மக்கள் கலந்து பழகும் இடம் அது என்றும், நகர வாழ்விலே தோன்றும் தனிமையை அது குறைக்கிறது என்றும், சொந்தத் தோட்டம் இல்லாதோருக்கும் நெருக்கமான வீடுகளில் வாழ்வோருக்கும் அது சிறப்பாகத் தேவை என்றும் அவ்விதி கருதுகிறது. அரசாங்கச் சட்டமொன்று மனிதனின் தனிமையைப் பற்றிக் கவலைப்படுவது அடிக்கடி நிகழ்வதன்று.

மதுவின் சிறப்பை இந்த வரலாறு பேசவில்லை. குவளையிலே இருப்பது பியராயினும், எலுமிச்சைப் பானமாயினும், வெறும் தண்ணீராயினும் வினா ஒன்றுதான். காற்றும் நிழலும் காட்சியும் இயற்கை தந்தவை. அவற்றை நாடிச் சென்று அமர்வதற்கு எளியவனிடம் என்ன விலை கேட்பது? உலகின் பல நகரங்களிலே, கடலையோ ஆற்றையோ மலையையோ நோக்கிய நல்ல இருக்கைகள் பெருஞ்செலவு செய்ய வல்லார்க்கே உரியனவாகி வருகின்றன. மியூனிச்சிலோ, வணிகரின் போட்டியும் மன்னரின் சமரசமும் மக்களின் பிடிவாதமும் நீதிமன்றத்தின் நிதானமும் சேர்ந்து, அந்த விலையை ஒரு குவளையின் விலைக்கு மேற்படாமற் காத்திருக்கின்றன. உணவுப் பொதியோடு வரும் தொழிலாளி, எவரிடமும் அனுமதி கேளாமல், விரிப்பில்லாத மேசையிலே அதனை அவிழ்க்கிறான்.